செயலியில் சரக்கு இறங்கிவிட்டது, கிடங்கில் ஒன்றுமில்லை: ஊரிலிருந்து சாமான் எடுக்கும் சிறு கடைக்காரர்கள் கவனத்திற்கு

முழுக் கண்டெய்னர் எடுக்கும் பெரிய முதலாளிகளுக்கு இது தேவைப்படாது. அவர்களுக்குத் துறைமுகத்திலேயே ஆள் இருக்கும். நம்மைப் போல நாலைந்து கடைக்காரர்களின் சாமானோடு சேர்த்து ஒரே கண்டெய்னரில் ஏற்றி வரவழைக்கிறவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூஜை சாமான் கடை நடத்துகிறேன். தீபாவளிக்கு நாச்சியார்கோவில் குத்துவிளக்குகள் சென்னைத் துறைமுகம் வழியாக, பினாங்குத் துறைமுகத்தின் கண்டெய்னர் முனையம் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு வரும். இந்த முறை ஒரு புது ஃபார்வர்டிங் ஏஜெண்ட் (சரக்கைக் கப்பலில் அனுப்பி, சுங்க வேலையையும் முடித்துத் தரும் முகவர்) கடைக்கே வந்து கைப்பேசியில் ஒரு செயலியைக் காட்டினார். "அக்கா, இனிமேல் யாருக்கும் போன் அடித்துக்கொண்டிருக்க வேண்டாம். சாமான் எங்கே இருக்கிறது என்று இதிலேயே தெரியும். கேள்வி இருந்தால் இதிலேயே கேளுங்கள்" என்றார். பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

செயலியும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. 'ஏற்றப்பட்டது' என்று பச்சைக் குறி விழுந்தது. வரைபடத்தில் கப்பல் நிக்கோபார் தீவுகளைத் தாண்டியது. கடைசியில் 'பினாங்கில் இறக்கப்பட்டது' என்று வந்தது. லோரியை அனுப்பினேன். பட்டர்வொர்த் கிடங்கில் என் பெயருக்கு எந்தச் சரக்கும் இல்லை என்றார்கள். ஊருக்குப் போன் போட்டால், விளக்குப் பெட்டிகள் சென்னைக் கிடங்கை விட்டு நகரவே இல்லை. அங்கே இருக்கும் கூட்டாளிக்கு இந்த ஏஜெண்ட் பணம் கட்டாததால் பெட்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கப்பல் உண்மையாகவே வந்தது. வெளிநாடுகளுக்கு ஓடும் 300 டன்னுக்கு மேற்பட்ட எல்லாக் கப்பலும் தான் இருக்கும் இடத்தைத் தானாகவே அறிவிக்கும் கருவியை வைத்திருக்க வேண்டும். அந்தத் தகவலை எடுத்து வரைபடத்தில் போடுவது எந்தச் செயலிக்கும் பெரிய வேலை இல்லை. ஆனால் கப்பல் எங்கே என்பது வேறு, உங்கள் பெட்டி அதில் இருக்கிறதா என்பது வேறு. 'ஏற்றப்பட்டது', 'இறக்கப்பட்டது' என்ற வரிகளைக் கப்பல் நிறுவனம் போடவில்லை. ஏஜெண்டின் அலுவலகத்தில் யாரோ உட்கார்ந்து, கப்பல் அட்டவணையைப் பார்த்துத் தட்டியிருக்கிறார்கள்.

அதற்கான அடையாளம் செயலியிலேயே இருந்தது. கண்டெய்னர் எண் என்பது உலகம் முழுக்க ஒரே அமைப்புதான்: நாலு எழுத்து, ஏழு இலக்கம். நாலாவது எழுத்து 'யு' (U). ஏழாவது இலக்கம், முன்னால் இருப்பவை சரியா என்று சோதிப்பதற்கானது. கண்டெய்னர் கதவில் அதைத் தனியாகக் கட்டம் போட்டு எழுதியிருப்பார்கள். எனக்குச் செயலியில் காட்டிய எண்ணில் ஆறு இலக்கம்தான். கப்பல் நிறுவனத்தின் இணையத்தளத்தில் போட்டால் அப்படி ஒரு கண்டெய்னரே இல்லை. எனக்குக் கொடுத்த பி.எல்.லும் (சரக்கை ஏற்றியதற்குத் தரும் கப்பல் ரசீது, பில் ஆஃப் லேடிங்) வெறும் வரைவு. கப்பலில் ஏற்றிய தேதி அதில் இல்லை.

கேட்டபோது செயலியின் அரட்டைப் பெட்டியில் "உங்கள் செய்தி பெறப்பட்டது" என்று மட்டும் வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கடுமையாக எழுதினேன். மறுநாள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியவில்லை. ஏஜெண்டோடு பேசியது, விலை ஒப்புக்கொண்டது, அனுப்பிய படங்கள் எல்லாம் அதற்குள்ளேதான் இருந்தன. விளக்கு வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த இரண்டு ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் இன்று என் கையில் இருக்கும் சாட்சி.

அப்புறம் ஊரில் இருந்த வியாபாரியே நிலுவையைக் கட்டிச் சாமானை ஏற்றிவிட்டார். இந்த முறை சரியான கண்டெய்னர் எண்ணை அவரிடம் வாங்கி, கப்பல் நிறுவனத்தின் தளத்தில் நானே தினமும் பார்த்தேன். நல்லவேளை பார்த்தேன். ஏனென்றால் சாமான் வந்து இறங்கியதாக ஏஜெண்ட் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வருகை அறிவிப்பைச் செயலியில் போட்டுவிட்டோம் என்கிறார்கள், என்னால் திறக்க முடியாத அதே செயலியில்! வாடகை இல்லாமல் கிடங்கில் வைக்க விடும் இலவச நாட்கள் முடிந்து ஏறிய வாடகையும் என் தலையில். தீபாவளி அதற்குள் முடிந்துவிட்டது. பித்தளை கெட்டுப்போகாது, ஆனால் அந்தப் பணம் அடுத்த தீபாவளி வரைக்கும் முடங்கிக் கிடக்கும். நம் அளவுக் கடைக்கு அது சின்ன அடி இல்லை.

செயலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்கான ஏஜெண்டிடம் அது நேரத்தை மிச்சப்படுத்தும். பணம் கொடுக்கும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். மலேசியாவின் சுங்கச் சட்டம் 1967, 90-ஆம் பிரிவின் கீழ் முகவராக அனுமதி இருக்கிறதா, அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். சாமான் ஏறியதும் கண்டெய்னர் எண்ணையும் ஏற்றிய தேதி போட்ட பி.எல்.லையும் மின்னஞ்சலில் அனுப்புவதாக எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். செயலியில் பேசுவதை அன்றன்றே படம் எடுத்து வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றம் சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவர்களுக்குத்தான், விற்பதற்கு எடுத்த சரக்குக்கு உதவாது. 5,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) என்றால் தனிநபர் வக்கீல் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்குப் போடலாம். நான் அதற்குத்தான் காகிதங்களைச் சேர்க்கிறேன். அதனால் ஏஜெண்டின் பெயரை இங்கே போடவில்லை. ஆறு இலக்கக் கண்டெய்னர் எண்ணைச் செயலியில் காட்டி உங்களுக்கும் யாராவது பணம் வாங்கியிருந்தால், ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா என்று பார்த்து எனக்குத் தனியாக எழுதுங்கள்.