பழ பிஸ்கட்டில் எது நல்லது: வெண்ணெயா நெய்யா, டூட்டி ஃப்ரூட்டியா திராட்சையா?

ஹைதராபாத்துக்குப் போய்வந்தவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு பெட்டி பழ பிஸ்கட் இருக்கும். சதுரத் துண்டு, நடுநடுவே சிவப்பும் பச்சையுமாகப் பழம், பிரித்ததுமே ஏலக்காய் வாசனை. பிரிவினைக்குப் பின் சிந்து பகுதியிலிருந்து வந்த கான்சந்த் ராம்நானி 1953இல் மொஅஸ்ஸம் ஜாஹி மார்க்கெட் பகுதியில் தொடங்கிய கராச்சி பேக்கரியால்தான் அந்த பிஸ்கட்டுக்கு இவ்வளவு பெயர். இன்றைக்கு யார் செய்தாலும் பலர் அதை ‘கராச்சி பிஸ்கட்’ என்றே சொல்கிறார்கள்.

வீட்டில் செய்யும்போது கேள்விகள் வரிசையாக வரும். வெண்ணெயா, நெய்யா, டால்டாவா? டூட்டி ஃப்ரூட்டியா, திராட்சையா? ஓடிஜி (மேசை மேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) வேண்டுமா, குக்கர் போதுமா? எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன். எந்தக் கேள்வியும் கடைசியில் ஈரத்தில்தான் போய் நிற்கிறது. பழ பிஸ்கட் சரியாக வராதபோதெல்லாம் எங்கோ தண்ணீர் கூடியிருக்கும்.

முதலில் அளவு. மைதா 120 கிராம், கஸ்டர்ட் பவுடர் 30 கிராம், வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 60 கிராம், பழத்துண்டு 50 கிராம், ஏலக்காய்ப் பொடி அரை டீஸ்பூன். மாவு சேரவில்லை என்றால் மட்டும் ஓரிரு டீஸ்பூன் பால். சோடா தேவையில்லை. கஸ்டர்ட் பவுடர் கிடைக்காவிட்டால் கார்ன்ஃப்ளாரும் வெனிலா எசென்ஸும் போட்டுக்கொள்ளலாம். கஸ்டர்ட் பவுடரே பெரும்பாலும் கார்ன்ஃப்ளாரும் நிறமும் வாசனையும்தான். முழுக்கக் கோதுமை மாவில் செய்தால் தவிடு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பிஸ்கட் கட்டியாகிவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை.

இனி கொழுப்பு. பிஸ்கட்டின் குணத்தைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது இதுதான்.

வெண்ணெய் என்பது முழுக்கக் கொழுப்பு இல்லை. பாக்கெட் வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் பால்கொழுப்பு இருக்கவேண்டும், ஈரம் 16 சதவீதம் வரை இருக்கலாம். அதாவது 100 கிராம் வெண்ணெய் போட்டால் கூடவே ஒரு மேசைக்கரண்டி தண்ணீரும் மாவுக்குள் போகிறது. அந்தத் தண்ணீரில்தான் மைதா கொஞ்சம் பிடிமானம் பெறுகிறது. உருளையாக்கிச் சதுரமாகத் தட்டிக் கத்தியால் வெட்டும்போது துண்டு உதிராமல் நிற்பதற்குக் காரணம் அதுதான். உப்புப் போட்ட மஞ்சள் வெண்ணெயையே தாராளமாகப் பயன்படுத்தலாம். பழத்தின் இனிப்புக்கு அந்த உப்பு நன்றாகவே இருக்கும், தனியாக உப்புச் சேர்க்கவேண்டாம். வீட்டில் கடைந்த வெண்ணெய் என்றால் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, மோரை நன்றாகப் பிழிந்து எடுத்துவிட்டுத்தான் அளக்கவேண்டும். மோர் தங்கினால் ஈரம் கூடி, பிஸ்கட் மொறுமொறுப்பை விட்டுவிடும்.

நெய்யில் அநேகமாகத் தண்ணீரே கிடையாது. அதனால் 100 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 80 கிராம் நெய் போதும், கூட ஒரு மேசைக்கரண்டி பால். நெய் உறைந்த பதத்தில் இருக்கவேண்டும். சென்னை வெயிலில் உருகிக் கிடக்கும் நெய்யை அப்படியே ஊற்றினால் மாவு எண்ணெய் கசிந்து தட்டில் பரவிவிடும். கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, மணல்மணலாக உறைந்ததும் எடுத்துச் சர்க்கரையோடு தேய்க்கவேண்டும். வாயில் வைத்ததும் கரைவதில் நெய்யை எதுவும் மிஞ்ச முடியாது. வாசனையும் அப்படியே. ஆனால் வெட்டும்போதுதான் சிக்கல்: கத்தி பழத்துண்டில் பட்டதும் அந்த இடத்தில் மாவு பிளக்கும். நெய்யை வைத்து இந்தச் சதுர பிஸ்கட் செய்வதைவிட, கையால் உருட்டி நான்கட்டாய் போல் தட்டுவது மேல்.

டால்டா வெயிலில் எளிதில் இளகாது, விளிம்பு கூர்மையாக நிற்கும், விலையும் குறைவு. மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டுவதுதான் எனக்கு ஆகவில்லை. 2022 ஜனவரியிலிருந்து கொழுப்பு, எண்ணெய் வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று நாட்டில் விதி இருக்கிறது, முன்பிருந்த கவலை குறைந்திருக்கிறது. ஆனாலும் வீட்டுக் குழந்தைகளுக்காக உட்கார்ந்து செய்யும் பிஸ்கட்டில், ருசி சேர்க்காத ஒரு கொழுப்பை ஏன் போடவேண்டும்?

நான் இப்போது செய்வது முக்கால் பங்கு வெண்ணெய், கால் பங்கு நெய். 75 கிராமும் 20 கிராமும். துண்டும் நிற்கிறது, வாசனையும் வருகிறது.

அடுத்து பழம். டூட்டி ஃப்ரூட்டி என்று கடையில் விற்பது பப்பாளிக்காய். துண்டுகளை வேகவைத்துச் சர்க்கரைப் பாகில் ஊறப்போடுவார்கள், காயின் தண்ணீர் வெளியேறிப் பாகு உள்ளே ஏறும். அவ்வளவு சர்க்கரை ஏறிய துண்டு சூட்டில் உப்பாது, எளிதில் கருகாது, கடித்தால் மெல்லிய ஜவ்வுத்தன்மையோடு இருக்கும். இந்த பிஸ்கட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பழம் இல்லை. ருசி என்று பார்த்தால் வெறும் இனிப்புதான், பழத்தின் சுவை அதில் இல்லை. அந்தக் குறையை ஏலக்காய் ஈடுகட்டும், கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் துருவல் இன்னும் நன்றாக ஈடுகட்டும்.

நிறத்துக்குப் பயப்படுபவர்கள் வீட்டிலேயே செய்யலாம். பப்பாளிக்காயைக் கால் அங்குலச் சதுரமாக நறுக்கி, ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து வடித்து, அதே எடை சர்க்கரையில் ஒரு கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சி, பீட்ரூட் சாறு விட்டு இரவு முழுக்க ஊறவிடவேண்டும். அப்புறம் வடித்துத் தட்டில் பரப்பி மின்விசிறிக் காற்றில் ஒரு நாள், மழைக்காலத்தில் இரண்டு நாள். முதல் தடவை எனக்குப் பொறுமை இல்லை, மூன்று மணி நேரத்தில் எடுத்துப் போட்டுவிட்டேன். சுடும்போது ஒவ்வொரு துண்டிலிருந்தும் பாகு ஒழுகி, பிஸ்கட்டின் அடியில் பழுப்பு வட்டமாகப் பிடித்து, தட்டோடு ஒட்டிக்கொண்டது. பெயர்த்து எடுத்தால் பழம் தட்டிலும் பிஸ்கட் கையிலும். விரலில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருக்கவேண்டும், அதுதான் அடையாளம்.

உலர்திராட்சையின் பலம் புளிப்பு கலந்த உண்மையான பழச்சுவை. முழுசாகப் போட்டால் வெட்டும்போது கத்தி அதை இழுத்துக்கொண்டு வரும். மேலே துருத்திக்கொண்டு நிற்கும் திராட்சை சூட்டில் பந்துபோல் உப்பிக் கருகிக் கசக்கும். இரண்டாகவோ மூன்றாகவோ நறுக்கி, ஒரு டீஸ்பூன் மைதாவில் புரட்டிப் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். கேக்குக்குச் செய்வதுபோல் தண்ணீரில் ஊறவைக்கவே கூடாது.

பேரீச்சை இன்னும் ஈரமானது. அதைப் போட்ட பிஸ்கட் அன்றைக்கு அருமையாக இருக்கும், மறுநாளே மெத்தென்று ஆகிவிடும். அன்றே தீர்ந்துவிடும் வீடு என்றால் தாராளமாகப் போடலாம். மாம்பழம், வாழைப்பழம் போன்ற உலர்த்தாத பழங்கள் பிஸ்கட்டுக்கு ஆகாது, கேக்கில் போடுங்கள்.

எனக்குப் பிடித்த கலவை 35 கிராம் டூட்டி ஃப்ரூட்டி, 15 கிராம் நறுக்கிய திராட்சை.

எந்தப் பழமானாலும் மாவு உருளையை ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரமாவது வைத்து, பென்சில் தடிமனுக்கு வெட்டவேண்டும். அழுத்தி வெட்டாமல் ரம்பம்போல் லேசாக இழுத்து வெட்டினால் பழம் இடம் பெயராது.

சுடுவதற்கு ஓடிஜிதான் நல்லது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மேலும் கீழும் கம்பி சூடாவதால் இரண்டு பக்கமும் சமமாக வேகிறது, ஈரம் இடுக்கு வழியே வெளியேறிவிடுகிறது. 170 டிகிரியில், நடுத்தட்டில், 15 முதல் 18 நிமிடம். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் என்றால் காற்று சுழல்வதால் விளிம்பு சீக்கிரம் சிவக்கும், 155 அல்லது 160 போதும்.

அதற்காகக் குக்கரை ஒதுக்கிவிடவேண்டாம். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு ஸ்டாண்ட் வைத்து, பத்து நிமிடம் மிதமான தீயில் சூடாக்கி, அப்புறம் சின்னத் தீயில் 20 முதல் 25 நிமிடம். ஒரு தடவைக்கு ஆறேழுதான் வைக்கமுடியும். அடி சிவக்கும், மேல்பக்கம் வெளிறியே இருக்கும். மாவிலிருந்து கிளம்பும் ஆவி மூடியில் முத்துமுத்தாகக் கோத்து, திரும்ப பிஸ்கட் மேலேயே சொட்டும். 12ஆவது நிமிடத்தில் மூடியைத் திறந்து, உட்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள். கடைசி ஐந்து நிமிடம் மூடியைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள். இதைச் செய்யாத குக்கர் பிஸ்கட்டுக்கும் செய்த குக்கர் பிஸ்கட்டுக்கும் உள்ள வித்தியாசம், வெண்ணெய்க்கும் டால்டாவுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது.

எதில் சுட்டாலும், எடுக்கும்போது பிஸ்கட் அழுத்தினால் அமுங்கும் பதத்தில்தான் இருக்கும். வேகவில்லை என்று நினைத்துத் திரும்ப உள்ளே தள்ளவேண்டாம். கம்பித் தட்டில் முழுக்க ஆறியபிறகுதான் மொறுமொறுப்பு வரும். சூட்டோடு டப்பாவில் போட்டால் வேர்த்து நமத்துவிடும். கடலோர ஊர்க்காரர்கள் சின்னச் சின்ன டப்பாக்களாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றைத் திறக்கும்போது மற்றது மூடியே இருக்கும். அப்படியும் நமத்துப்போனால் 120 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் வைத்து ஆறவிட்டால் திரும்பிவிடும். பேரீச்சை போட்டது மட்டும் திரும்பாது.