கைப்பிளேனர் மிஷின்: வேப்பங்கதவுக்கு ஒன்று, தேக்கு உத்திரத்துக்கு ஒன்று

மதுரைப் பக்கம் வீட்டு மரவேலையில் முக்கால்வாசி இரண்டே வகைதான். ஐப்பசி மழையில் ஊதி நிலையில் உரசும் வேப்பங்கதவு ஒன்று. காரைக்குடியிலிருந்தோ இடித்த வீட்டிலிருந்தோ வாங்கிவந்த பழைய தேக்கு இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே கைப்பிளேனர், அதாவது கரண்டில் ஓடி மரத்தை இழைக்கும் மிஷின், சரிப்படாது.

கதவுக்கு மகிட்டா கம்பெனியின் என்1900பி மாதிரி 82 மி.மீ. அகல மிஷின் தாராளம். 580 வாட், எடை சுமார் இரண்டரை கிலோ. ஒரு ஓட்டத்துக்கு அதிகபட்சம் 1 மி.மீ. எடுக்கும். பக்கத்திலேயே 2.5 மி.மீ. எடுக்கும் மிஷினும் கடையில் இருக்கும்; அந்த எண்ணில் மயங்க வேண்டாம். வைரம் பாய்ந்த வேம்பில் முழு ஆழம் வைத்துத் தள்ளினால் மோட்டார் திணறும், உள்ளே பெல்ட் வழுக்கித் தேயும், கணு இருக்கிற இடம் பிய்ந்துகொண்டு வரும். அரை மில்லி வைத்து நாலு ஓட்டம் ஓட்டுவதே லாபம்.

உத்திரம், தூண் என்றால் 110 மி.மீ. அகலமுள்ள மகிட்டா 1911பி. 840 வாட், 2 மி.மீ. ஆழம், எடை நாலு கிலோவுக்கு மேல். கிடத்திவைத்த மரத்தில் அந்த எடையே உதவி. கதவின் ஒடுங்கிய விளிம்பில் அதுவே உபத்திரவம், ஒருபக்கமாகச் சாயும். எப்போதோ ஒருமுறைதான் வேலை என்றால் பெரியதை வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம்.

பழைய மரத்தில் கத்தியைக் கொல்வது ஆணி. தலை உடைந்து உள்ளே கிடப்பது கண்ணுக்குத் தெரியாது. நல்ல காந்தத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பாருங்கள். பித்தளை ஆணி அதற்கும் சிக்காது, பச்சைக் கறை இருந்தால் நோண்டிப் பார்க்க வேண்டும். பழைய பெயின்ட்டை மிஷினால் எடுக்கக் கூடாது. கத்தி மழுங்கும், ஈயம் கலந்த பெயின்ட்டாக இருந்தால் தூள் நுரையீரலுக்குப் போகும்.

புதிதாகப் பிடிப்பவர்கள் எல்லோருக்கும் விழும் தப்பு, முடிகிற முனையில் பள்ளம். முன்தட்டு (கத்திக்கு முன்னால் இருக்கும் அடித்தட்டு) மரத்தைத் தாண்டி அந்தரத்தில் நிற்கும்போது முன்கைப்பிடியை அழுத்துவதுதான் காரணம். தொடங்கும்போது முன்னால் அழுத்தம், நடுவில் இரண்டிலும் சமம், முடிக்கும்போது பின்னால் மட்டும். அவசரமாகத் தள்ளினாலோ, இரண்டு கத்திகளில் ஒன்று மற்றதைவிடத் தூக்கி நின்றாலோ அலை அலையாகத் தடம் விழும். கத்தியின் விளிம்பு பின்தட்டோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நேரான ஸ்கேலை வைத்தால் தெரிந்துவிடும். ஒன்று உடைந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தேக்கில் மணற்சத்து உண்டு, சாதா எஃகுக் கத்தி சீக்கிரம் மழுங்கும். கார்பைடு கத்தி போடுங்கள், ஒருபக்கம் மழுங்கினால் திருப்பிப் போடலாம்.

கதவின் அடிப்பக்கம் இழைக்கும்போது ஒரே வீச்சில் கடைசிவரை ஓட்டாதீர்கள். ஓரச்சட்டத்தின் வெட்டுமுனை சிம்பாகப் பிளந்துவிடும். இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கி வாருங்கள். ஈர மரத்தில் இழைத்த சுருள் மிஷினின் வாயை அடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குச்சியால் தள்ள வேண்டும், விரல் வேண்டாம். சுவிட்சை விட்டதும் தரையில் வைப்பதும் ஆபத்து. கத்தி பூட்டிய உருளை நிற்கச் சில நொடி ஆகும்.

மழைக்காலத்தில் கதவு சிக்குகிறதே என்று மூன்று நாலு மில்லி எடுத்துவிட்டால், பங்குனி வெயிலில் இடுக்கு வழியே பல்லி போகும். உரசுகிற இடத்தை மட்டும் லேசாகத் தட்டிவிட்டு, மீதியைத் தை பிறந்து மரம் காய்ந்தபின் பாருங்கள். இழைத்த விளிம்புக்கு அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும், பூச்சு இல்லாத மரம் ஈரத்தைக் குடிக்கும்.

சத்தம் காதைப் பிளக்கும், வேப்பந்தூள் தொண்டையில் கசக்கும்: காதடைப்பும் முகமூடியும் வாங்கும்போதே சேர்த்து வாங்குங்கள். பழைய இழைப்புளியை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மிஷின் விட்ட மெல்லிய தடத்தை எடுக்கக் கடைசி இரண்டு இழைப்புக்கு அதுதான் வேண்டும்.