ஐப்பசியில் ஊருக்குப் போகிறவர்களுக்கு: ஃப்ளூ ஊசி எங்கே, எப்போது

தீபாவளி, கல்யாணம், காதுகுத்து என்று வெளிநாட்டிலிருந்து கும்பகோணம், மாயவரம், மன்னார்குடிப் பக்கம் போகிறவர்களில் பலருக்கு ஃப்ளூ என்றால் குளிர்நாட்டுச் சமாசாரம். ஊர்க் கணக்கு வேறு. டெல்லியில் ஆடி, ஆவணி மழையோடு ஃப்ளூ ஏறும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நாம் டிக்கெட் போடுவதும் அந்த மாதங்களுக்குத்தான். ஊசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி வர சுமார் 2 வாரம் ஆகும். திருச்சியில் இறங்கி மறுநாள் போட்டுக்கொண்டு, மூன்றாம் நாள் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்தால் பிரயோஜனம் இல்லை. சிங்கப்பூரோ துபாயோ லண்டனோ, கிளம்ப 2 வாரம் இருக்கும்போதே அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள்.

நம்மைவிட ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குத்தான் இது அவசியம். 65 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் யோசிக்காமல் போட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுக்குப் புரட்டாசி நடுவுக்குள் போட்டுவிட்டால் அடைமழைக்கு முன் உடம்பு தயாராகிவிடும்.

தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ ஊசி இல்லை. அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வெறுங்கையோடு போய் இலவசமாகக் கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். தனியாரில், முதலில் கேட்க வேண்டிய இடம் குழந்தை மருத்துவரின் கிளினிக். 6 மாதம் முதல் 5 வயது வரை ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போடச் சொல்வது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை என்பதால், அங்கே ஸ்டாக் இருக்க வாய்ப்பு அதிகம். இப்போதைய பெரும்பாலான பிராண்டுகளில் பெரியவருக்கும் குழந்தைக்கும் அதே 0.5 மில்லி சிரிஞ்சுதான். தாத்தாவைக் குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

முந்தின நாளே போன் செய்து, எந்த சீசன் ஊசி என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் வைரஸ் வகைகளை வருஷத்துக்கு இரண்டு முறை பரிந்துரைக்கிறது: பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கு. பெட்டியில் என்.ஹெச். (வட அரைக்கோளம்) அல்லது எஸ்.ஹெச். (தென் அரைக்கோளம்) என்றும் ஆண்டும் இருக்கும். எக்ஸ்பைரி தேதி மட்டும் பார்த்தால் போதாது. போன சீசன் சரக்கு தேதி தாண்டாமலே ஃப்ரிட்ஜில் கிடக்கும். புது என்.ஹெச். வரவில்லை, மழை வாசலில் நிற்கிறது என்றால், இந்த வருஷ எஸ்.ஹெச். இருந்தால் டாக்டரிடம் கேட்டு அதைப் போட்டுக்கொள்ளலாம். மூன்று வைரஸ் வகைக்கான ஊசியா, நான்கு வகைக்கானதா என்று அலைய வேண்டாம்: நான்காவதான பி யமகட்டா என்ற வைரஸ் 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை.

டெல்டாவில் உண்மையான சிக்கல் கரண்ட்தான். ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகல் முழுக்க நீளும். சின்ன இன்வர்ட்டர் ஃபேனையும் லைட்டையும் ஓட்டும், ஃப்ரிட்ஜைத் தாங்காது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆகவே புயலுக்கு மறுவாரம் வாங்குவதானால் ஜெனரேட்டர் உள்ள ஆஸ்பத்திரியாகப் பாருங்கள். சூட்டைப் போலவே உறைவதும் கெடுதல்: ஃப்ரீஸர் தட்டை ஒட்டி வைத்து உறைந்துபோன ஊசி, உருகியபின் பார்வைக்கு நல்ல ஊசி மாதிரியே இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கி ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக் கிளினிக்குக் கொண்டுபோவது மோசமான வழி. வேறு வழியில்லை என்றால் தெர்மாகோல் பெட்டி, ஐஸ் பேக், நடுவில் மடித்த துணி. ஊசி ஐஸில் நேராகப் படக்கூடாது.

காய்ச்சல் இருக்கும் நாளில் போடாதீர்கள். முன்பு இதே ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர்களுக்கு வேண்டவே வேண்டாம். போட்டபின் 15 நிமிடமாவது அங்கேயே உட்காருங்கள். கைவலியும் லேசான சூடும் ஓரிரு நாள் இருக்கும். 9 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதல் முறை என்றால் 4 வார இடைவெளியில் 2 டோஸ். மூன்று வார லீவில் இது அடங்காது, ஒரே நாட்டில் முடியுங்கள். பில்லோடு பிராண்டு, பேட்ச் நம்பர், தேதி எழுதி வாங்கிக்கொண்டால் திரும்பிப் போனதும் அங்குள்ள டாக்டர் பதிவில் ஏற்றிவிடலாம்.

ஊசி போட்டும் காய்ச்சல் வந்தால் ஃப்ளூ என்றே முடிவுகட்டாதீர்கள். மழைக்காலத்தில் டெங்கு உண்டு, வயல் சேற்றில் கால் வைத்தவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரலாம். இரண்டையும் இந்த ஊசி தடுக்காது. டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரொஃபென், ஆஸ்பிரின் தொடக்கூடாது. ஃப்ளூவேதான் என்றால் ஓசல்டமிவிர் மாத்திரையை முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பதுதான் நல்லது, அதனால் வயதானவர்களை இரண்டாம் நாளே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.