காளவாசல் மெடிக்கல் கோடிங் வகுப்பு: மூன்று மாதம் படித்த அனுபவம்

டாக்டர் சார்ட்டில், அதாவது நோயாளியின் மருத்துவக் குறிப்பில், எழுதிய நோய்க்கு அமெரிக்காவின் ஐசிடி-10-சிஎம் புத்தகத்தில் உள்ள கோடை (குறியீட்டை) போடுவதுதான் மெடிக்கல் கோடிங். அதைத் திருமங்கலத்திலிருந்து சனி, ஞாயிறு பஸ் ஏறி மதுரை காளவாசலுக்குப் போய்ப் படித்தேன். ஒரு குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் சென்டர் பெயரைப் போடவில்லை.

முதலில் நல்லது. வார இறுதி பேட்ச் எடுக்கும் மேடம் நரம்பு பாதிப்புக்கு மட்டும் இரண்டு முழு நாள் ஒதுக்கினார், கட்டிய ஃபீஸ் அதற்கே தகும். நியூரோபதி (நரம்பு பாதிப்பு) என்ற வார்த்தையைப் பார்த்ததும் நாங்கள் எல்லாரும் ஜி63, அதாவது வேறொரு நோயால் வந்த பாலிநியூரோபதிக்கான (பல நரம்புகள் ஒன்றாகப் பாதிக்கப்படுவது) கோடைப் போட்டுவிடுவோம். அது முதல் கோடாக வரவே கூடாது. எந்த நோயால் நரம்பு கெட்டதோ அந்த நோய் முன்னால், ஜி63 அதற்குப் பின்னால். சர்க்கரை என்றால் ஜி63-க்கு அங்கே வேலையே இல்லை, நோயும் பாதிப்பும் ஒரே கோடில் வந்துவிடும். டைப் 2 சர்க்கரையில் பாலிநியூரோபதிக்கு இ11.42, டாக்டர் வெறும் நியூரோபதி என்று எழுதியிருந்தால் இ11.40.

ஒரு சார்ட் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அமெரிக்க நோயாளி, பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, பாதம் மரத்துப் போகிறது. முதல் வரியிலேயே சர்க்கரை இருந்ததால் யோசிக்காமல் இ11.42 எழுதினேன். மேடம் கடைசி வரியில் விரலை வைத்து, சத்தமாகப் படி என்றார். ‘பி12 குறைபாட்டால் வந்த பாலிநியூரோபதி’ என்று இருந்தது. அப்போது பி12 வைட்டமின் குறைபாட்டுக்கான இ53.8 முதலில், ஜி63 இரண்டாவது. சர்க்கரையும் நியூரோபதியும் ஒரே சார்ட்டில் இருந்தால் தொடர்பு உண்டு என்றே விதி எடுத்துக்கொள்ளும், ஆனால் டாக்டர் வேறு காரணத்தைத் தெளிவாக எழுதிவிட்டால் அது செல்லாது. குழப்பமாக இருந்தால் லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து நாமே முடிவு கட்டக்கூடாது, டாக்டருக்குக் கொரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்ப வேண்டும், அதிலும் ‘சர்க்கரையால்தானே?’ என்று கேட்காமல் காரணத்தைக் குறிப்பிடச் சொல்லி மட்டும் எழுதப் பழக்கினார்.

மெட்ஃபார்மினை நீண்ட நாள் எடுத்தால் பி12 குறையலாம். என் அம்மாவும் பதினைந்து வருடமாகச் சர்க்கரைக்கு அதே மாத்திரைதான், ராத்திரி பாதம் எரிகிறது என்று ஈரத்துணி சுற்றிக்கொண்டு படுப்பார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவர் ஃபைலை முழுக்கப் புரட்டினேன், பி12 ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை. அடுத்த முறை போனபோது நாங்களே கேட்டு எடுத்தோம்.

இனி குறை. புத்தகம் ஃபீஸில் அடக்கம் என்றார்கள், கைக்கு வந்தது மூன்று வருடப் பழைய பதிப்பின் ஜெராக்ஸ். வருடா வருடம் அக்டோபர் 1-ம் தேதி புதுக் கோடுகள் நடைமுறைக்கு வரும், பழையதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இண்டெக்ஸில் சாய்ந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் இரண்டாவதாகப் போட வேண்டிய கோடு, அந்த இடமெல்லாம் மை அப்பிக் கிடந்தது. கேட்டதற்கு அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே மூன்று மாதமும் ஓடிவிட்டது. கடைசியில் தனியாகக் காசு போட்டு வாங்கினேன்.

சேர நினைப்பவர்கள் இந்த வருடப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அப்புறம், வார நாள் பேட்ச் எடுப்பது வேறொருவர், மேடம் வருவது சனி, ஞாயிறு மட்டும்தான்.