நண்டுக் குளத்துக்குக் கஞ்சிப்பாசி விதை: வாங்கலாமா?

சேற்று நண்டுக் குளத்தில் அமோனியாவைக் குறைக்கக் கடல்பாசி இரண்டு வடிவில் விற்கிறது. ஒன்று உயிருள்ள விதைப்பாசி, மற்றது புட்டியில் அடைத்த பாசிச் சாறு. தண்ணீரைத் திருத்தத்தான் வாங்குகிறீர்கள் என்றால் சாறு வேண்டாம். அமோனியாவை உறிஞ்சுவது உயிருள்ள தழை. புட்டியில் அது கிடையாது.

விதையிலும் மண்டபம், பாம்பன் பக்கம் கிடைக்கும் கஞ்சிப்பாசியே குளத்துக்கு ஏற்றது. தெப்பத்தில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் என்ற கடல்பாசிக்கு 30 பி.பி.டி.யை (ஆயிரத்தில் 30 பங்கு) ஒட்டிய உப்பும் நீரோட்டமும் தேவை. 20 பி.பி.டி. தேங்கு நீரில் வெளுத்து உதிர்ந்துவிடும்.

மூட்டை வந்ததும் பிரித்துப் பாருங்கள். நல்ல விதை கரும்பழுப்பாக, இழுத்தால் விறைப்பாக இருக்கும். வழவழப்போ அழுகல் வாடையோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். வழியில் ஈரச் சாக்கு போதும். நல்ல தண்ணீர் தெளித்த பாசி பிழைக்காது.

500 சதுர மீட்டர் குளத்துக்கு 50 கிலோவில் தொடங்கலாம். கயிற்றில் 20 செ.மீ.க்கு ஒன்றாக 100 கிராம் முடிச்சுகள், நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே. தரையில் போட்டால் சேறு படிந்து வெளிச்சம் மறையும், நண்டும் கிழித்துப்போடும். தழையில் நூல்பாசி சுற்றினால் வாரம் ஒருமுறை உலுக்கிக் கழுவவேண்டும்.

பலனை மிகைப்படுத்தி விற்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நண்டுக்குத் தீனியாகப் போடும் 10 கிலோ சங்காயத்தில் (மலிவான கழிவு மீன்) ஏறத்தாழ 250 கிராம் நைட்ரஜன் உண்டு. அமோனியா வருவது இதிலிருந்துதான். 10 கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோதான். அதில் 20 முதல் 40 கிராம் நைட்ரஜன். அதனால் மதகைத் திறந்து தண்ணீர் மாற்றும் வேலையைப் பாசி நிறுத்தாது, கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவே. அந்த 40 கிராமும் பாசியை அறுத்துக் கரையேற்றினால்தான் குளத்தைவிட்டுப் போகும். அறுக்காமல் விட்ட பாசி அழுகி, உறிஞ்சியதை எல்லாம் திரும்பக் கக்கும். குளம் கெட்டது பாசியால் என்று சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் நடந்தது இதுதான்.

இன்னொரு ஆபத்து, பாசியை அடர்த்தியாக விடுவது. பகலில் ஆக்சிஜன் தரும் பாசி இரவில் அதை எடுத்துக்கொள்ளும். விடியற்காலை 5 மணிக்கு ஆக்சிஜனை அளந்து, லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பாசியைக் குறையுங்கள். நடுப்பகல் பி.எச்.சையும் (நீரின் அமில-கார அளவு) பாருங்கள்: 8-இல் மொத்த அமோனியாவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் நச்சு வடிவம், 9-இல் பத்தில் நான்கு பங்கை நெருங்கும். பாசி கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் பி.எச். அந்த உயரத்துக்கு ஏறக்கூடும்.

வாரம் ஒருநாள் அறுக்க ஆள் இருக்கிறதா? தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் அதே பணத்தை ஏரேட்டருக்கு (நீரில் காற்றைக் கலக்கும் கருவி) போடுங்கள். எப்படியானாலும் ஐப்பசி மழைக்கு முன்பே கயிறுகளைக் கரையேற்றிவிட வேண்டும். உப்பு 10 பி.பி.டி.க்கு இறங்கினால் பாசி வெளுத்து அழுகத் தொடங்கும்.