எங்கூரு கேபிள்காரர் ஃபைபர் நெட்: எட்டு மாசம் ஓட்டிப் பாத்தாச்சு

தென்காசி பக்கம் சின்ன ஊரு, மாடிக்கு ஏறுனாதான் போன்ல ரெண்டு புள்ளி சிக்னல் காட்டும், அப்பதான் கேபிள் டிவி அண்ணாச்சி ஃபைபர் தாரேன்னாரு. 50 எம்பிபிஎஸ், 499, ஜிஎஸ்டி சேத்து 589. மாசாமாசம் இவ்வளவான்னு மொதல்ல யோசிச்சேன், ஆனா வீட்ல நாலு போனு, 2024 ஜூலைல ரேட்டு ஏத்துனதுலேர்ந்து ஜியோல தெனம் ஒன்றரை ஜிபி பேக்கு 28 நாளைக்கு 299, நாலுக்கும் போட்டா 1,196, கணக்கு பாத்துட்டு சரின்னுட்டேன்.

ஸ்பீடு குறை சொல்ல முடியாது. வயர் சொருகுனா 48 வருது, வைஃபைல அடுப்படிக்குப் போனா 15தான், அது அவரு தப்பில்ல, தாத்தா கட்டுன ரெண்டடி மண்செவுரு.

கரண்டு போனா நெட்டும் போவும், மினி யுபிஎஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க. ஒரு தடவ வைக்கல் லாரி வயர இழுத்து அத்துட்டு போயிருச்சு, ரௌட்டர்ல செவப்பு லைட்டு, மூணு நாள். அஞ்சு ஊருக்கும் அந்த வயர ஒட்டுற மிஷின் ஒண்ணே ஒண்ணுதானாம். ஒட்ட வந்த பையன் பைக் சீட்டு மேல மிஷின வச்சு, முடி மாதிரி ரெண்டு கண்ணாடி இழைய உள்ள வச்சு மூடுனான், ஒரு பொட்டு வெளிச்சம், ஒட்டிருச்சு!

நான் ஸ்டார கொறச்சது இதுக்கெல்லாம் இல்ல. வயரு கோயில் முக்கோட நின்னுருச்சு. அங்கேர்ந்து காலனி முன்னூறு மீட்டர் கூட கெடையாது. கேட்டா "அங்க யாரு தம்பி ஒழுங்கா கட்டுவா"ங்காரு. ஏழு வீட்டுக்காரங்க அட்வான்ஸ் தாரோம்னு பேர் எழுதி குடுத்து நாலு மாசமாச்சு, நம்ம தெருவுலதான் ரெண்டு பேரு பாக்கி வச்சிருக்காங்க, அவங்க லைன மட்டும் கட் பண்ணல. காலேஜ் படிக்கிற பிள்ள ஒண்ணு ஸ்காலர்ஷிப்புக்கு சாதி சர்டிஃபிகேட் ஏத்த எங்க திண்ணைக்கு வந்துச்சு, அது போன் நெட்ல அரை மணி நேரமா சுத்திக்கிட்டே இருந்தது இங்க பத்து செகண்டுல ஏறிருச்சு, அதுக்கப்புறம் சாயங்காலமானா திண்ணைல எடமில்ல.

பஞ்சாயத்துக்கெல்லாம் ஃபைபர்னு மத்திய அரசு 2011லயே திட்டம் போட்டுச்சு, இப்ப பாரத்நெட்டுங்காங்க, ஆனா பஞ்சாயத்து வரைக்கும் வந்தாலும் வீட்டுக்கு யாராவது இழுத்தாத்தான உண்டு. செங்கோட்டை தாண்டுனா கேரளால 2023ல அரசே கேஃபோன்னு ஃபைபர் நெட் ஆரம்பிச்சப்ப 20 எம்பிபிஎஸ் மாசம் 299ன்னாங்க, ஏழை வீட்டுக்கு இலவசம்.

மூணு ஸ்டார். அண்ணாச்சிக்கும் லிங்க் அனுப்பிருக்கேன், காலனிக்கு வயர் போன அன்னைக்கு நாலா மாத்திருதேன்.