கொழும்புக்கு எதுகை தேடிய ஏழு வருடங்கள்

2018இல் ஒரு குறும்படத்துக்குப் பாட்டு எழுதித் தரும்படி கேட்டார்கள். இசையமைக்கிற தம்பி மெட்டைத் தன் வாயாலேயே “தனந்த தானா” என்று பாடி வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். முதல் சொல் “கொழும்பு” என்று இருக்கவேண்டும் என்பது இயக்குநரின் விருப்பம். சொல் மெட்டில் அப்படியே உட்கார்ந்தது: கொ-ழும்-பு, த-னந்-த. ஆனால் இரண்டாவது அடியைத் தொடங்க எனக்குச் சொல் இல்லை.

அன்றிரவுதான் முதன்முதலாக எதுகை தேடித் தரும் செயலி ஒன்றை ஃபோனில் இறக்கினேன். “கொழும்பு” என்று தட்டினால் அப்படி ஒரு சொல்லே இல்லை என்றது. ஊர்ப்பெயர்கள் அதன் பட்டியலில் இல்லை. “ம்பு” என்று தேடினேன். கரும்பு, இரும்பு, அரும்பு, விரும்பு, துரும்பு என்று வரிசையாக வந்தன. எல்லாமே இயைபு. அடியின் கடைசிக்கு ஆகும், முதலுக்கு ஆகாது. எனக்கு வேண்டியது இரண்டாம் எழுத்தில் “ழு” நிற்கும் சொல்.

மறுநாள் காலை 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் ஒரு தாய், மடியில் நித்திரையாகிவிட்ட பிள்ளையைத் தட்டி, “எழும்பு, எழும்பம்மா, பம்பலப்பிட்டி வந்திட்டுது” என்றார். எழும்பு! எழுத்தும் அதே, அளவும் அதே. இறங்குவதற்குள் தழும்பும் வந்துவிட்டது. ஒழுங்கையும் வந்தது. அந்தப் பாட்டு இப்படித் தொடங்குகிறது:

கொழும்பு இன்னும் கண் திறக்கவில்லை
எழும்பு என்று கடல் அழைக்கிறது

அதிலிருந்து இன்றுவரை எதுகை தேட நான் பயன்படுத்தியவற்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பகலில் கணக்கு வேலை, இரவில் பாட்டு. குறும்படம், பாடசாலைக் கீதம், கோயில் பாட்டு, கலியாண வீட்டுப் பாட்டு எல்லாம் எழுதியிருக்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று பாட்டாவது கையில் இருக்கும்.

செயலியில் இருந்தே தொடங்குகிறேன். நான் வைத்திருந்த செயலி தந்த பட்டியல்கள் நீளமானவை, வேகமானவை. முதல் வருடம் அது எனக்கு நிறையவே உதவியது. குறைகள் பழகப் பழகத்தான் தெரிந்தன. முதலாவது, அது முதல் எழுத்தின் மாத்திரையைப் பார்ப்பதில்லை. “காற்று” என்று கேட்டால் நேற்று, கீற்று, ஊற்று, சேற்று என்பவற்றோடு பற்று, புற்று, வெற்று என்பவற்றையும் கலந்து தரும். எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது. முதலெழுத்து குறிலென்றால் குறில், நெடிலென்றால் நெடில் என்று அளவும் ஒத்திருக்கவேண்டும். யாப்பு தெரியாதவருக்கும் மெட்டில் வைத்துப் பாடிப் பார்த்தால் இது உடனே விளங்கும். “காற்று” நின்று இழுக்கும் இடத்தில் “பற்று” தடக்கி விழும். பழைய இலக்கணகாரர் எழுதிய விதி பாடகரின் மூச்சில் இருந்து வந்தது என்றே நான் நம்புகிறேன்.

இரண்டாவது குறை மோனையில். முதல் எழுத்து அப்படியே ஒத்த சொற்களை மட்டும்தான் அது காட்டும். தமிழில் சகரத்துக்குத் தகரம் மோனை, மகரத்துக்கு வகரம் மோனை, ஞகரத்துக்கு நகரம் மோனை. “சந்தையிலே தம்பி” என்றால் மோனை இருக்கிறது, “மழை பெய்த வயல்” என்றாலும் இருக்கிறது. இதைச் செயலிக்குள் போடுவது பெரிய வேலையில்லை, செய்யாமல் விட்டிருந்தார்கள்.

மூன்றாவதைக் குறை என்று சொல்லலாமோ தெரியாது. அகராதிச் சொல் மட்டும்தான் அதற்குத் தெரியும். நாங்கள் “வடிவு” என்றால் அழகு. “வடிவான பிள்ளை” என்று சொல்லாத வீடு இங்கே இல்லை. செயலி வடிவுக்கு முடிவு, விடிவு, படிவு என்று சரியாகவே தந்தது. ஆனால் வடிவு என்பதற்கு உருவம் என்று மட்டுமே பொருள் போட்டிருந்தது. கதிரை, குசினி, பகிடி எதுவும் அதில் இல்லை. இங்கே பாட்டு எழுதுகிற ஒருவருக்கு இது பெரிய இழப்பு. எங்கள் வாயில் புழங்கும் சொல்லோடு சேரும் எதுகைதான் கேட்கிறவரை நிமிர்ந்து உட்கார வைக்கும். நெஞ்சம், வஞ்சம், மஞ்சம், தஞ்சம் எல்லாம் ஆயிரம் பாட்டில் தேய்ந்துபோனவை. கடல் என்றால் உடல் வரும் என்று கேட்கிறவருக்கு முன்கூட்டியே தெரியும்.

இயைபைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். புதிதாக எழுதும் பிள்ளைகள் பலர் என்னிடம் இயைபுப் பட்டியல்தான் கேட்கிறார்கள். தமிழில் வினைமுற்றே இயைபைக் கொண்டுவந்து தந்துவிடும். வருகிறாய், போகிறாய், கேட்கிறாய் என்று நாலடி எழுதினால் விகுதி மட்டும்தான் ஒத்துப்போகிறது, சொல் ஒத்துப்போவதில்லை. அதற்குக் கருவியே தேவையில்லை. தேடவேண்டியது எதுகையைத்தான்.

செயலியை நான் கைவிட்டது 2022 மார்ச்சில். நாட்டில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன நாட்கள் அவை. ஃபோனில் சார்ஜ் நிற்காது, சில நேரம் சிக்னலும் போய்விடும். அதற்குச் சற்று முன்புதான் அந்தச் செயலி புதுப்பிக்கப்பட்டு, இணையம் இல்லாமல் திறக்காதபடி மாறியிருந்தது. ஒரு கோயில் பாட்டை மெழுகுதிரி வெளிச்சத்தில் முடிக்கவேண்டி வந்தது. கையில் இருந்தது ஒரு சீ.ஆர். கொப்பி. அதில் அதுவரை சும்மா குறித்து வைத்த சொற்களை அன்றிரவு இரண்டாம் எழுத்துப்படி பிரிக்கத் தொடங்கினேன். எழுத்துக்கு ஒரு பக்கம், இடப்பக்கம் குறில், வலப்பக்கம் நெடில். ழகரப் பக்கத்தின் இடப்பக்கத்தில் கொழும்பு, எழும்பு, தழும்பு, ஒழுங்கை, குழம்பு, விழுது. வலப்பக்கத்தில் தோழி, கோழி, ஆழி, ஏழை, வாழை. பாட்டு அடுத்த நாள் முடிந்தது.

நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாகச் சில வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்து நூலகத்துக்குப் போனேன். சங்கம் 1942இல் தொடங்கியது, நூலகத்தில் பழைய புத்தகங்கள் நிறைய உண்டு. அங்கேதான் சூடாமணி நிகண்டு என்ற பழைய செய்யுள் அகராதியைக் கையில் எடுத்தேன். மண்டல புருடர் அதன் பதினோராம் தொகுதியை, ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் பகுதியை, எதுகை வரிசையில்தான் அடுக்கியிருக்கிறார். ககர எதுகை, ஙகர எதுகை, சகர எதுகை என்று இரண்டாம் எழுத்தைப் பிடித்துக்கொண்டே போகிறது. மனப்பாடம் செய்யும் மாணவனுக்கும் பாட்டுக் கட்டும் புலவனுக்கும் ஒரே நூல். அதைப் பார்த்தபோது ஏற்பட்ட சந்தோசத்தை இன்னும் மறக்கவில்லை.

வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதி இன்னொன்று. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதி. நான்காவதான தொடையகராதி எதுகைக்கு உதவுவதற்கென்றே தொகுத்தது. இத்தாலியில் இருந்து வந்த ஒரு பாதிரியார், தமிழில் பாட்டெழுதுகிறவனுக்கு என்ன தட்டுப்பாடு என்று உணர்ந்து அதற்கென்று ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார். அதில் உள்ள சொற்களில் பல இன்றைய பாட்டுக்கு உதவாது. ஆனால் ஐந்து பக்கம் புரட்டினால் மறந்துபோன ஒரு சொல்லாவது கையில் வரும். எனக்குப் “பேழை” அப்படித்தான் கிடைத்தது.

கொப்பி நிறைந்ததும் சொற்களை எக்செலில் ஏற்றினேன். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் சொல்லைப் பின்பக்கமாகத் திருப்பி அகரவரிசைப்படுத்தி இயைபு பிடிப்பார்கள். தமிழில் அதே சூத்திரத்தைப் போட்டால் எழுத்துகள் சிதறிவிடும். “கொ” என்பது கணினிக்குள் ககரமும் ஓர் உயிர்க்குறியும். திருப்பினால் குறி தனியாகக் கழன்று, புள்ளிவட்டத்தோடு நிற்கும். இரண்டாம் எழுத்தை எடுக்கச் சொன்னாலும் “கொழும்பு” என்பதில் அந்த ஒகரக் குறியைத்தான் எடுத்துத் தரும். இரண்டு நாள் மாரடித்தேன். பிறகு கணினி படிக்கும் மருமகன் பைத்தன் என்ற நிரலாக்க மொழியில் ஓப்பன்-தமிழ் என்ற நிரற்தொகுப்பைக் கொண்டு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து, முதலெழுத்தின் அளவு, இரண்டாம் எழுத்து என்று எக்செலில் இரண்டு நிரல் போட்டுத் தந்தார். இப்போது அந்த எக்செல்தான் என் முதல் கருவி, இணையம் தேவையில்லை. இதைச் செய்ய விரும்புகிறவர்கள் சொல்லை முதலில் எழுத்தாகப் பிரித்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள், நேரம் மிச்சம்.

இணையத்தில் இன்றும் நான் போகும் இடங்கள் மூன்று. மதன் கார்க்கியின் ஆய்வு நிறுவனம் செய்த எமோனி, தமிழ் ஒலியொற்றுமைக்கென்றே உருவான தேடல். பட்டியல் வற்றிப்போகும் நாளில் கைகொடுக்கும். அவலோகிதம் என்ற மென்பொருளில் எழுதிய பாவைக் கொடுத்தால் சீர், தளை, தொடை எல்லாம் பிரித்துக் காட்டும். வெண்பா எழுதும்போது அதில் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் அனுப்புவதில்லை. சொல்லின் பொருளில் ஐயம் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அந்த அகராதியைச் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். எதுகைக்காகப் பொருள் தெரியாத சொல்லை வைப்பதை நான் ஒருபோதும் செய்வதில்லை. இந்த அகராதி இருக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை.

எந்தக் கருவியிலும் இல்லாத ஒன்றை ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் படித்தேன். ஒரு பாட்டில் “காற்று” என்பதற்கு “பாட்டு” என்று இயைபு வைத்திருந்தேன். எழுத்தில் அது இயைபே இல்லை. யாழ்ப்பாணத்துத் தங்கச்சி பாடியபோது அழகாக ஒத்துப்போனது. எங்களூர் வாயில் “ற்ற” நுனிநாவில் அழுத்தமாக நிற்கும், டகரத்துக்குக் கிட்டவே போகும். அதே பாட்டைத் தமிழ்நாட்டில் பயின்ற ஒருவர் “காற்ற்ரு” என்று ரகரம் தெறிக்கப் பாடினார். இயைபு காணாமல் போய்விட்டது. அவர் பாடியதில் பிழை இல்லை. யார் பாடப்போகிறார் என்று கேட்காமல் எழுதியது என் பிழை. அன்றிலிருந்து மெட்டோடு சேர்த்துப் பாடுகிறவரின் குரல் மாதிரி ஒன்றும் அனுப்பச் சொல்கிறேன்.

போன மாதம் அந்தக் குறும்படப் பாட்டை ஒரு மேடைக்காகத் திரும்பப் பாடினார்கள். மூன்றாவது அடியில் “தழும்பு” வரும் இடத்தில், பாடுகிற பிள்ளை, “அண்ணா, இதைத் ‘தளும்பு’ எண்டு வைச்சால் என்ன? கடல்தானே, தளும்பட்டும்” என்றாள். அவள் கொழும்பைக் “கொளும்பு” என்றுதான் சொல்வாள், இங்கே பாதிப்பேர் அப்படித்தான். எழுத்தில் ழகரமும் ளகரமும் வேறு. அவள் வாயில் இரண்டும் ஒன்று. பாடிக் காட்டினாள். தழும்பின் வலி போய்விடுகிறதே என்று முதலில் தயங்கினேன். ஆனால் அந்த அடியில் கடல் ததும்பி வந்து நின்றதை நான் கேட்டேன்.

கொப்பியில் ழகரப் பக்கத்தின் ஓரத்தில், கோடு போட்டு, “தளும்பு” என்று எழுதி வைத்திருக்கிறேன்.